சந்திரம்மா பொடியும் ஒரு தெலுங்குப் பத்திரமும்

எந்தத் தாளைக் கொடுத்தாலும் சந்திரம்மா முதலில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்வையை இறக்குவார். நடுவில் ஓர் இடத்தில் நிற்பார். உதடு லேசாக அசையும். "ம்ம்" என்பார். அடுத்த பக்கத்தைத் திருப்புவார். கடைசியில், "சரி, பார்த்துட்டேன்" என்று திருப்பிக் கொடுப்பார். பொடி வாங்க வந்துபோய் மூன்று வருடம் இதை நேரில் பார்த்தவன் நான். அந்த அம்மாளுக்குத் தெலுங்கில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. என் கண்ணை என்னவென்று சொல்வது!

சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில், ஆந்திரப் பக்கத்தில், நகரி பஸ் நிலையம் தாண்டி, ஒரு டயர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய இடம். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் வறுப்பு, அதற்கும் பின்னால் அரவை மெஷின். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் கணவர் ஆதிநாராயணன். அந்தச் சத்தத்திலேயே இருந்து காது பாதி போய்விட்டதால், சந்திரம்மா எதையும் அவரிடம் இரண்டு முறை சொல்லுவார். முதல் முறை தமிழில், இரண்டாம் முறை கோபமாகத் தெலுங்கில்.

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டுப் பொடி. இந்த மூன்றுதான். நான்காவது கிடையாது. "இட்லிப் பொடி போடுங்கக்கா" என்று நான் ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னாத்துக்கு? மூணை ஒழுங்கா செய்யறவ நாலாவதுல கெடுத்துப்பா. நீ உன் வேலையப் பாரு தம்பி." பூண்டைத் தோலோடுதான் வறுப்பார். மிளகாய்க் காம்பைத் தன் கையால்தான் கிள்ளுவார். பருப்பு வறுபட்டதா என்று கண்ணால் பார்ப்பதில்லை. வாணலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, மூக்கில் வாசனை ஏறியதும் சட்டென்று திரும்பி அடுப்பை அணைப்பார். அந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் வராது.

பாக்கெட்டில் அவருடைய படம். இருபது வருடத்துக்கு முன்னால் ஸ்டூடியோவில் எடுத்தது. தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, பூ வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு. படத்துக்குக் கீழே 'சந்திரம்மா பொடி' என்று தமிழிலும் தெலுங்கிலும். திருத்தணிக்காரர்களும் புத்தூர்க்காரர்களும் பெயரைப் படித்து வாங்குவதில்லை. "அந்தத் தலை சாய்ச்ச அம்மா பொடி" என்றுதான் கேட்பார்கள்.

காகித விஷயத்தில் சந்திரம்மாவைப்போல ஒழுங்கானவரை நான் பார்த்ததில்லை. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸைச் சாமி படங்களுக்கு நடுவில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தராசுக்கு வருடா வருடம் முத்திரை. கடைக்குப் பஞ்சாயத்துக் காலத்திலிருந்து நகராட்சிக் காலம் வரை எல்லா ரசீதும் ஒரு தகரப் பெட்டியில். "கவர்மெண்ட்டுக்கு நான் ஒரு நாள் லேட்டு பண்ணதில்ல தம்பி" என்பார். உண்மைதான். ஆனால், உன் பெயருக்கும் ஒரு பதிவு உண்டு தாயே, நீ செய்யாவிட்டால் வேறொருவன் செய்துகொள்வான் என்று, இத்தனை ஆபீசுக்கும் ஏறி இறங்கின அந்த மனுஷியிடம் ஒருத்தராவது சொன்னார்களா? முத்திரை குத்த வந்தவர்கள் பொடியை மட்டும் மறக்காமல் வாங்கிப் போனார்கள்.

படிப்பு எட்டாவது வரை, நகரி பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அதற்கப்புறம் வாழ்ந்ததெல்லாம் தெலுங்கில். சந்தையில் தெலுங்கு, பேங்கில் தெலுங்கு, மண்டல ஆபீசில் தெலுங்கு. அவர் பேசுகிற தெலுங்கைக் கேட்டால் கடப்பாக்காரர்களும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் எல்லையோரத்தில் இப்படி எத்தனையோ பேர். வாயில் இரண்டு பாஷை, கண்ணில் ஒன்று. மற்றவர்கள் "எனக்கு எழுத்து வராது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆதிநாராயணனும் அப்படித்தான். சந்திரம்மாவுக்கு மட்டும் அது மானப் பிரச்சினை.

"இங்லீசு தெரியாதுன்னா அது வேற. அது எவனோ தூரத்து ஊருக்காரன் எழுத்து. இங்கியே பொறந்து, இங்கியே சோறு துன்னுக்கினு, இந்த ஊரு எழுத்து தெரியாதுன்னு எப்பிடி சொல்றது?" என்று பின்னால் ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

மறைப்பதற்கு அவரிடம் நல்ல நல்ல வழிகள் இருந்தன. பன்னிரண்டு வருடமாக மகளிர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "கண்ணுல மொளகா நெடி ஏறிக்கினு கீது, நீ படி" என்பார். ஒரு முறை கேட்டால் போதும், வரிக்கு வரி திருப்பிச் சொல்லிவிடுவார். மகன் யஸ்வந்த் சிறுவனாக இருந்தபோது அவனுடைய தெலுங்கு ஹோம்வொர்க்கை வாங்கிப் பார்த்து, "எழுத்து அழகா இல்ல, திருப்பி எழுது" என்று துரத்துவாராம். அவன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். அம்மா தெலுங்கு படித்தவர் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் திருப்பதியிலிருந்து ரங்கையா வந்தார். மலை ஏறும் பக்தர்கள் வந்துபோகிற கடைகளுக்கெல்லாம் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரி. நல்ல மரியாதை. அக்கா என்றுதான் பேச்சு. "உங்க பொடி நகரியோட நின்னுடக் கூடாது அக்கா, தேசமெல்லாம் போவணும்" என்றார். எந்த மனுஷிக்குத்தான் அது இனிக்காது? அடுத்த வாரம் தன் கடைக்கு வரச்சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, நான்கு பக்கத்துக்கு ஒரு தெலுங்குப் பத்திரத்தை எதிரில் வைத்தார். "ஏம்லேது அக்கா, ஃபுட் ஆபீசுக்குக் காட்டறதுக்குத்தான். சதுவுகோண்டி" என்றார். ஒன்றுமில்லையாம், படித்துக்கொள்ளச் சொன்னாராம்.

கடையில் ஐந்தாறு பேர். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சந்திரம்மா கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பத்து நிமிடம் படித்தார்! ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், இரண்டு இடத்தில் தலையை ஆட்டினார், கீழே தமிழில் சந்திரம்மா என்று கையெழுத்துப் போட்டார். நகல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "காபி வாங்கிக் குடுத்த மனுசங்கிட்ட காகிதம் கேட்டா, உன்ன நம்பலன்னு சொல்ற மாதிரி இல்லியா?" என்றார். அட கடவுளே!

போன ஆடி மாதம் ஒரு தடித்த கவர் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. நான் பொடி வாங்கப் போயிருந்தேன். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ், அதோடு பின் போட்ட அந்தத் தெலுங்குப் பத்திரத்தின் நகல். ஆங்கிலத் தாளை உடனே என்னிடம் கொடுத்துவிட்டு, "இது நீ படி, இங்லீசு எனக்கு வராது" என்றார். தெலுங்குத் தாளைத் தானே வைத்துக்கொண்டார்.

நான் நோட்டீஸைப் படிக்கப் படிக்க எனக்கு உச்சந்தலை சுட்டது. 'சந்திரம்மா பொடி' என்ற பெயரும், லேபிளும், தலை சாய்த்த அந்தப் படமும் ரங்கையாவுக்குச் சொந்தமாம். பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய அவர் விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். ஆகவே நகரியில் கடை வைத்திருக்கும் சந்திரம்மா என்பவர், சந்திரம்மா என்ற பெயரையும் சந்திரம்மாவின் முகத்தையும் உடனே நிறுத்த வேண்டுமாம். நிறுத்தாவிட்டால் வழக்காம். எழுதின கைக்குக் கொஞ்சமாவது கூசியிருக்க வேண்டாமா?

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தெலுங்குப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. "ம்ம்" என்று தலையாட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். நான் பள்ளியிலேயே தெலுங்கு எழுத்து படித்தவன். அவர் தலையாட்டிய பக்கத்தில்தான், என் பெயரையும் உருவப் படத்தையும் லேபிளையும் நிரந்தரமாக உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று இருந்தது.

"படிச்சீங்களாக்கா?"

"படிச்சேன்."

"இதுல எழுதியிருக்கிறது தெரிஞ்சுதான் அன்னைக்குக் கையெழுத்து போட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாளை என் மடியில் வைத்துவிட்டு, "இன்னா தம்பி எழுதி கீது?" என்று கேட்டார்.  நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது: 'மேற்கண்டவற்றைத் தெலுங்கில் நானே படித்துப் புரிந்துகொண்டு சம்மதித்துக் கையொப்பமிடுகிறேன்.' அதற்குக் கீழே தமிழில் அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு நோட்டரியின் முத்திரை. தெலுங்கில் படித்ததாகச் சொல்லும் ஆள் தமிழில் ஏன் கையெழுத்துப் போடுகிறார் என்று அந்த மனிதருக்கு ஒரு கேள்விகூட எழவில்லை. சந்திரம்மா அவரைப் பார்த்ததே இல்லையாம். அப்படியானால் அந்த முத்திரை எதற்கு? பலகாரத்தில் அச்சு வைப்பதுபோல வைத்துவிட்டுப் போவதற்கா?

சித்தூரில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன். வழக்கைப் பார்த்துக்கொண்டவள் அங்கே ஜூனியராக இருக்கும் ஹர்ஷினி என்ற சின்னப் பெண். தமிழும் தெலுங்கும் கலந்து, ஆனால் தெளிவாகப் பேசுவாள். "பேர் இன்னும் ரிஜிஸ்டர் ஆகலம்மா. அப்ளிகேஷன் இப்பத்தான் வெளியிட்டிருக்காங்க. நாலு மாசத்துக்குள்ள ஆட்சேபணை போடலாம். மொதல்ல யாரு அந்தப் பேர்ல வித்தாங்கன்றது முக்கியம். உங்ககிட்ட இருபது வருசத்து லேபிள், லைசென்ஸ், ரசீது எல்லாம் இருக்குது, மஞ்சிதி, நல்லதுதான். ஆனா, இந்தப் பத்திரம் குறுக்க நிக்குது. இது ஏமாத்தி வாங்கினதுன்னு கோர்ட்டுல நிரூபிச்சாதான் மத்ததெல்லாம் நிக்கும்" என்றாள்.

"ஏமாத்திட்டான்னு எழுதும்மா."

"எப்படி ஏமாத்தினான்னு கேப்பாங்களே. உங்களுக்குத் தெலுங்கு படிக்க வராது, அவரு வேற ஒண்ணு சொல்லி வாங்கிட்டாருன்னு எழுதணும்."

சந்திரம்மா எழுந்துவிட்டார். "நான் ஏமாளின்னு எழுதிக்கோ, ஒத்துக்கறேன். எழுத்து தெரியாதவன்னு மட்டும் எழுதாத. சங்கத்துல எம்பது பொம்பளைங்க என்ன நம்பிக்கினு கீறாங்க. எம்புள்ள கீறான். வேற வழி பாரு."

வேறு வழி இல்லை. அந்தப் பெண் எவ்வளவோ பொறுமையாகச் சொன்னாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் நகரி வரை நான் அவரோடு பேசவில்லை. ரங்கையா மீது இருந்த கோபத்தில் பாதி அன்று இவர் மீதே திரும்பியது. பெயர் போனால் போகட்டும், கௌரவம் போகக்கூடாதா? அப்படி என்ன பாழாய்ப்போன கௌரவம்!

வீம்பாகத்தான் இருந்தார். படமும் பெயரும் இல்லாத வெறும் கவரில் பொடியைப் போட்டு விற்க ஆரம்பித்தார். "சரக்கு என்னுதுதானே, வாங்கறவங்களுக்குத் தெரியாதா?" என்றார். மூன்றாம் நாள் திருத்தணியிலிருந்து வந்த ஓர் அம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல போட்டோ இல்லியே. டூப்ளிகேட்டா? எனக்கு அந்தத் தலை சாய்ச்ச அம்மா பொடிதான் வேணும். ஒரிஜினல் குடு" என்றாள். யாரிடம்? சந்திரம்மாவிடம்! இருபது வயது கூடிய அந்த முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

இன்னொருத்தர் திருப்பதியில் வாங்கிய பாக்கெட்டோடு சண்டைக்கே வந்துவிட்டார். ரங்கையா யாரோ ஒருவரிடம் அரைக்கக் கொடுத்து, சந்திரம்மா படத்தைப் போட்டு விற்கிற சரக்கு. சந்திரம்மா ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். வாயில் போடவே இல்லை. "போன வருசத்து மொளகா. பருப்பு வறுபடல. நெலக்கடலை கலந்து கீறான்" என்றார். பிறகு பாக்கெட்டில் இருந்த தன் படத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். என் எதிரில் அவர் கண்ணீர் விட்டது அன்று ஒரு முறைதான். மிளகாய் நெடி என்று சொல்லவில்லை.

அதே வாரம் ஹர்ஷினி போன் செய்து வரச்சொன்னாள். எதிர்த் தரப்பு வக்கீல் அவளுக்கு ஒரு கேமராப் பதிவை அனுப்பியிருந்தார். அவளுடைய செல்போனில் மூவரும் பார்த்தோம். ரங்கையாவின் கடை; மேஜைக்கு எதிரில் சந்திரம்மா; கண்ணாடி, திருப்பல், தலையாட்டல், பத்து நிமிடம். அவ்வளவு நேரம் நிதானமாகப் படித்தவர் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாதாம்.

சந்திரம்மா முழுவதையும் பார்த்தார். "நல்லாதான் படிக்கிறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, கடைக் கேமராவுல ஒரு மாசத்துக்கு மேல எதுவும் நிக்காது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நீங்க படிச்சதை ஒருத்தரு தனியா எடுத்து வெச்சிருக்காருன்னா என்ன அர்த்தம்? நீங்க படிக்கறீங்களா இல்லியான்னு அவருக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

அந்த வார்த்தை அவருக்குள் போய் இறங்கியதை நான் பார்த்தேன். ஊரில் யாருக்கும் தெரியாமல் அவர் காத்து வைத்திருந்த ஒன்று, அதை வைத்துத் தன்னைக் கவிழ்த்தவனுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியலாம், சங்கத்துப் பெண்களுக்குத் தெரியக்கூடாதா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எழுதும்மா. எப்பிடி எழுதணுமோ அப்பிடி எழுது" என்றார்.

பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளில் சித்தூர் கோர்ட்டு வராந்தாவில் நிற்க இடமில்லை. சந்திரம்மாவுக்குத் துணையாகச் சங்கத்திலிருந்து காஞ்சனாவும் செல்லியம்மாவும் வந்திருந்தார்கள். வழக்கு என்பதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. யஸ்வந்த் பெங்களூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து அம்மாவின் பையை வைத்துக்கொண்டு நின்றான். பத்தடி தள்ளித் தூணருகில் ரங்கையா, தன் வக்கீலோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹர்ஷினி ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் மூன்று பக்கம், தெலுங்கில் அடித்தது. "அம்மா, டைம் ஆயிடுச்சு. நாம பேசினதுதான் எல்லாம். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, ரெண்டு சந்தகம் போட்டா போதும்" என்று பேனாவை நீட்டினாள். நல்ல பெண். அவளும் அவசரத்தில், ரங்கையாவைப்போலவே, ஒன்றுமில்லை, போடுங்கள் என்றுதான் சொன்னாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்திரம்மா பேனாவை வாங்கவில்லை. "படி" என்றார்.

"அம்மா, உள்ள கூப்ட்டுடுவாங்க..."

"கூப்டட்டும். நீ மொதலேர்ந்து படி. கேட்டுட்டுதான் போடுவேன்."

அவள் படித்தாள். தெலுங்கு காதில் விழ விழ இவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா" என்றார். ஓரிடத்தில் நிறுத்தி, "கடை வெச்சது அதுக்கு முந்தின வருசம்" என்று திருத்தினார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் வந்ததும் ஹர்ஷினி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். சங்கத்துப் பெண்களைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பாவம், இவருக்காகவே குரலை இறக்கி, கிட்டக் குனிந்து, அந்த வரியை முணுமுணுப்பாகப் படித்தாள்: எனக்குத் தெலுங்கு எழுதவோ படிக்கவோ தெரியாது, இதுநாள் வரை தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு வந்தேன்.

"கட்டிகா சதுவம்மா" என்றார் சந்திரம்மா. சத்தமாகப் படிக்கச் சொல்லி, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில்.

 தூணருகில் சிரிப்பு நின்றது. ஹர்ஷினி அதே வரியை மறுபடி உரக்கப் படிக்கத் தொடங்கினாள். சந்திரம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் வந்து, அந்த வரி படித்து முடியும் வரை தலை சாய்க்காமல் நேராக நின்றார்.